குதிரைக்குத் தண்ணி வைக்கிறது ஆர்?

நெடுந்தீவுக்குப் போற எல்லாரையும் போல நாங்களும் முதலில் குதிரையைத்தான் படம் எடுத்தோம். வீட்டை வந்து பெருப்பிச்சுப் பார்த்தபோதுதான் விலா எலும்புகள் தெரிந்தன.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த குதிரைகளின் வழிவந்தவை இவை. அவர்கள் போய்விட்டார்கள், குதிரைகள் கட்டாக்காலியாகிவிட்டன. 2015இல் 1,846 ஹெக்டேயரைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் கோடையில் நீர்நிலைகள் வத்திப்போக, தண்ணியில்லாமல் குதிரைகள் செத்த வருசங்கள் உண்டு. சனத்துக்கே குடிதண்ணிக்குக் கஷ்டமான, கிணறுகள் பலதும் உவரான தீவு அது.

"காட்டுச் சீவன்தானே, இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று சிலர் சொல்லுவினம். எங்களுக்கு அது சரியாப் படேல்லை. தானாக வந்த சீவனில்லை, மனிசர் கப்பலில் ஏத்திவந்தது. சுத்திவரக் கடல்; தண்ணி தேடி வேறெங்கே போகும்?

வனசீவராசிகள் திணைக்களம் மாரிக்கு முன்னமே குளங்களைத் தூர்வார வேணும், கோடையில் தொட்டிகளை நிரப்ப வேணும், குதிரைகளை ஒழுங்காக எண்ண வேணும். எண்ணிக்கை கூடினால் அதே புல்லை மேயிற ஊர்மாடுகளுக்கும் தட்டுப்பாடு வரும். அப்ப என்ன செய்யிறது என்பதை மாட்டுக்காரரோடு இருந்து கதைச்சு முடிவெடுங்கோ, கொழும்பில இருந்து வரைபடத்தில் கோடு கீறாதேங்கோ.