வாக்குப்பெட்டியை மூடிய பிறகா விதியைத் திருத்துவது?

போஸ்னியா-ஹெர்செகோவினாவில் 2022 அக்டோபர் 2 மாலை வாக்குச்சாவடிகள் மூடி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தேர்தல் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. போஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கையைக் காக்க அமர்த்தப்பட்ட சர்வதேச உயர் பிரதிநிதி அலுவலகத்தினர் எடுத்த இந்த முடிவை, என்ன சமாதானம் சொன்னாலும் ஏற்க முடியாது.

நாட்டின் இரு ஆட்சிப்பகுதிகளில் ஒன்றான கூட்டமைப்பில் அன்று காலை வரிசையில் நின்றவர் தம் கன்டோன் (மாகாண) மன்றத்துக்கும் வாக்களித்தார். அந்த மன்றங்கள்தான் கூட்டமைப்பு நாடாளுமன்றத்தின் மேலவையான மக்களினங்கள் அவைக்கு உறுப்பினர்களை அனுப்புகின்றன. அவர் வாக்களித்தபோது அந்த அவையில் 58 இடங்கள், அன்றிரவு 80. போஸ்னியாக்கர், குரோஷியர், செர்பியர் ஒவ்வொரு தரப்புக்கும் இருந்த 17 இடங்கள் 23 ஆயின. மூன்றிலும் சேராதவர்களின் 7 இடங்கள் 11 ஆயின. பங்கிடும் முறையும் மாறியது. தம் வாக்கு யாரைப் பலப்படுத்தும் என்பதே தெரியாத நிலையில் மக்களிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள்.

இது யோசிக்காமல் செய்த காரியமும் அல்ல. ஜூலையில் வரைவு கசிந்ததும் சாரயேவோவில் ஆயிரக்கணக்கானோர் உயர் பிரதிநிதி அலுவலகத்தின் முன் திரண்டார்கள். அப்போது பின்வாங்கியவர்கள், மக்கள் எதுவும் செய்ய முடியாத நேரம் பார்த்துச் சாதித்துக்கொண்டார்கள்.

முட்டுக்கட்டையை நீக்கவே இந்தத் திருத்தம் என்கிறார்கள். 2018 தேர்தலுக்குப் பின் கூட்டமைப்பில் புதிய அரசே அமையவில்லை. பழைய அமைச்சரவையே நான்கு ஆண்டுகளை ஓட்டியது. அதற்குக் காரணமான குரோஷிய இனக்கட்சியைத் தண்டிக்கும் உரிமை வாக்காளருடையது. அவர் தீர்ப்பளித்த நாளிலேயே அந்தக் கட்சிக்குச் சாதகமாக விதியை வளைத்தால், அடுத்த முறை முட்டுக்கட்டை போட யார் தயங்குவார்கள்?

மோஸ்தார் மறந்துவிட்டதா? 2004-இல் அந்நகரின் சாசனத்தைத் திணித்தவர்கள் இவர்களே. அதன் தேர்தல் விதிகள் செல்லாது என 2010-இல் அரசமைப்பு நீதிமன்றம் சொன்னது. கட்சிகள் இணங்கவில்லை, இவர்களும் முடித்துவைக்கவில்லை. 2008 முதல் 2020 வரை நகரசபைத் தேர்தலே கிடையாது. நகரவாசி ஒருவர் ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்வரை போய் வழக்காட வேண்டியிருந்தது. ரோமாக்களும் யூதர்களும் குடியரசுத் தலைமைக்குப் போட்டியிட முடியாதது பாகுபாடு என்று அதே நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. அதை நிறைவேற்ற இவர்கள் தம் அதிகாரத்தை ஒருநாளும் பயன்படுத்தவில்லை. கட்சித் தலைவர்களுக்காக ஒரே மாலையில் சட்டம் மாறுகிறது. குடிமக்களோ பத்தாண்டுக்கு மேல் காத்துக்கிடக்கிறார்கள்.

இனக்கட்சிகளை வாக்காளருக்குப் பதில் சொல்ல வைக்கும் வழியை, அந்நாட்டு மக்களோடு கலந்து பேசி, தேர்தலுக்கு வெகு முன்பே காண வேண்டும். வாக்களித்த பின் விதியை மாற்றுவது சீர்திருத்தம் அல்ல, வாக்காளருக்கு இழைத்த துரோகம்.