அத்தோ சாப்பிடப் போகலாமா?

வெளிநாட்டுச் சாப்பாடு என்றதும் பீட்சா, பர்கர் என்றுதானே கத்துகிறீர்கள் குட்டீஸ்? தரமணியில் பறக்கும் ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்குங்கள். பக்கத்திலேயே பர்மா அத்தோ கடைகள். என் ஓட்டு இதற்குத்தான்!

நூடுல்சில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். (எனக்கு அத்தோவைவிட சூப்தான் பிடிக்கும்!)

இதை, 'சைனீஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். பர்மாவில் 1962ல் ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை அரசே எடுத்துக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பலர், சொத்தை விட்டுவிட்டுக் கப்பலில் சென்னை வந்தனர். பணம், நகை கொண்டுவரக் கடும் கட்டுப்பாடு. சமையல் பக்குவத்தை யார் தடுக்க முடியும்? பிழைப்புக்கு அதுவே கைகொடுத்தது.

நடு அமெரிக்காவிலுள்ள நிகரகுவாவிலும் இதே கதைதான். 1979ல் அங்கே புரட்சி, பிறகு உள்நாட்டுப் போர். அமெரிக்காவின் மியாமி நகருக்குப் போனவர்கள், 'ஃப்ரிட்டாங்கா' என்ற சின்னச் சாப்பாட்டுக் கடைகளைத் திறந்தனர். சோறும், சிவப்பு பீன்சும் கலந்த, 'காயோ பிந்தோ' அங்கே கிடைக்கும்.

"ரோட்டுக் கடையா?" என்று அம்மா தயங்குவார். நியாயம்தான், தட்டு கழுவும் தண்ணீரைப் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுங்கள். கூட்டம் குறைந்ததும், "உங்க குடும்பம் பர்மாவுல எந்த ஊர் அண்ணா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கப்பலில் வந்தவர்களுக்கு இப்போது ரொம்ப வயசாகிவிட்டது. சில வருஷம் கழித்துக் கேட்டால், நேரில் பார்த்துச் சொல்ல ஆள் இருக்காது. சனிக்கிழமை சாயங்காலமே கிளம்புங்கள்!