ஐ.பி.எல்.லுக்கு 6 மாதம், பள்ளிக்கூடத்துக்கு 19 மாதம்

2021 அக்டோபர் 15, வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் வழிபாட்டுத் தலங்களுக்கு இருந்த தடை நீங்கி, தமிழகப் பள்ளிவாசல்களில் மக்கள் மீண்டும் ஜும்ஆவுக்குக் கூடிய நாள். அன்று இரவே துபாயில் கொல்கத்தாவை வீழ்த்தி சென்னை சூப்பர் கிங்ஸ் கோப்பையை வென்றது. சேத்தியாத்தோப்பு, லால்பேட்டை, கொள்ளுமேடு என்று நம் பகுதி இளைஞர்களும் செல்போனில் அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள்.

ஆனால் அன்றைக்கும் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கவில்லை. 1 முதல் 8ஆம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தது. 2020 மார்ச்சில் மூடியது. கணக்குப் போட்டால் 19 மாதங்கள்.

கொரோனா வந்தபோது எல்லாமே ஒன்றாகத்தான் நின்றன. 2020 மார்ச் 29 அன்று தொடங்க வேண்டிய ஐ.பி.எல். தள்ளிப்போனது. மார்ச் 24 அன்று டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு முதன்முறையாக விம்பிள்டன் ரத்தானது. பள்ளிவாசல்களும் மூடப்பட்டன. அந்த ஆண்டு ரமலானில் தராவீஹும் பெருநாள் தொழுகையும் வீட்டுக்குள்ளேயே முடிந்தன. கொள்ளை நோய் பரவும் ஊருக்குள் போகாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியைக் கேட்டு வளர்ந்த சமுதாயம் என்பதால், மனம் கனத்தாலும் நாம் அதை ஏற்றுக்கொண்டோம்.

எல்லாம் ஒன்றாக நின்றாலும், திரும்பி வந்த வரிசைதான் கவனிக்க வேண்டியது. 2020 செப்டம்பர் 19 அன்றே அமீரகத்தில் ஐ.பி.எல். தொடங்கிவிட்டது. காரணம் எளிது. 5 ஆண்டு ஒளிபரப்பு உரிமை மட்டும் 16,347 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டிருந்தது. மைதானத்தில் ஆளே இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினால் போதும். அதற்காக ‘பயோ பபுள்’ என்ற பாதுகாப்பு வளையம் உருவானது. தனி விமானம், தனி ஓட்டல், சில நாட்களுக்கு ஒரு முறை பரிசோதனை. சென்னை அணியின் முகாமில் சிலருக்குத் தொற்று வந்தபோதும் தனி அறையும் மருத்துவரும் தயாராக இருந்ததால் போட்டி தடைபடவில்லை.

அதே அமீரகத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் வேலையிழந்து, ‘வந்தே பாரத்’ விமானத்துக்குப் பெயர் பதிந்து காத்துக் கிடந்தார்கள். டிக்கெட்டுக்கும் சொந்தக் காசுதான். உள்ளூரிலும் இதே கதை. 2020 மே தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து கூலித் தொழிலாளர்கள் லாரிகளில் ஊர் திரும்பினார்கள். நம் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அவர்களுக்கென்று எந்த வளையமும் இருக்கவில்லை.

விளையாட்டுக்குள்ளேயும் பணம் உள்ளது, இல்லாதது என்ற பிரிவினை இருந்தது. 1934ல் தொடங்கிய ரஞ்சிக் கோப்பை 2020–21ல் முதன்முறையாக நடக்கவே இல்லை. அதை நம்பியிருந்த வீரர்களுக்கு ஆட்டக் கட்டணத்தில் 50 சதவீதத்தை ஈடாகத் தருவதாகக் கிரிக்கெட் வாரியம் 2021 செப்டம்பரில்தான் அறிவித்தது. புரோ கபடிக்கு ஓராண்டு முழுதாகப் போய்விட்டது. 2021 டிசம்பர் 22 அன்றுதான் பெங்களூருவில் பார்வையாளர் இல்லாமல் தொடங்கியது. பொங்கலுக்கு ஊர் மைதானத்தில் கபடியும் கைப்பந்தும் ஆடிய பையன்களின் இழப்பை யாரும் கணக்கில்கூட எடுக்கவில்லை.

அந்த வளையமும் கடைசிவரை தாங்கவில்லை. 2021 ஏப்ரல் இறுதியில் டெல்லி மருத்துவமனைகள் ஆக்சிஜன் இல்லாமல் தவித்தபோது, அதே டெல்லியில் ஐ.பி.எல். ஆட்டங்கள் நடந்தன. தன் குடும்பமே தொற்றுடன் போராடுவதால் நம் அஸ்வின் பாதியில் வீடு திரும்பினார். வீரர்களுக்கே தொற்று பரவிய பிறகுதான் மே 4 அன்று போட்டி நின்றது.

“விளையாட்டு மக்களுக்கு ஆறுதல் தந்ததே, கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு எப்படி வளையம் போடுவது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். வளையம் யாரும் கேட்கவில்லை. தொற்று குறைந்திருந்த 2021 ஜனவரியில் பாதிப் பார்வையாளர்களுடன் ஜல்லிக்கட்டுக்கு அனுமதி கிடைத்தது. பிப்ரவரியில் சேப்பாக்கம் டெஸ்ட் போட்டிக்குப் பாதி இருக்கைகள் திறந்தன. திரையரங்குகள் நிரம்பின. தேர்தல் கூட்டங்களுக்குக் குறைவே இல்லை. 9 முதல் 12ஆம் வகுப்பு வரைக்கும் சில வாரங்கள் பள்ளி நடந்தது. 1 முதல் 8 வரை ஒரு நாள்கூடத் திறக்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது, பாதிப் பிள்ளைகளை வைத்தாவது முயன்று பார்த்திருக்கலாம். கேட்க ஆள் இருந்தவர்களுக்குக் கதவு முதலில் திறந்தது. சின்னப் பிள்ளைகளுக்காக நாமும் உரக்கக் கேட்கவில்லை.

இதன் விலையை இனிதான் கொடுக்கப் போகிறோம். 2020ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையைப் பார்க்காமலே இரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டது. ஒரே செல்போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளில் எழுத்துக்கூட்டிப் படிக்கவே மறந்தவர்கள் இருக்கிறார்கள். வேலைக்குப் போன பையனும் திருமணம் பேசி முடிக்கப்பட்ட பெண்ணும் தாமாகப் பள்ளிக்குத் திரும்ப மாட்டார்கள். நாம்தான் அழைத்து வர வேண்டும்.

2021 அக்டோபர் 27ஆம் தேதி மரக்காணம் அருகே முதல்வர் தொடங்கி வைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் நமக்குக் கிடைத்த நல்ல வாய்ப்பு. முதலில் நடைமுறைக்கு வந்த 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. மாலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் வரை பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு. தொடக்க வகுப்புகளுக்குப் பிளஸ் டூ, 6 முதல் 8 வரை பட்டப்படிப்பு முடித்தவர்கள் தன்னார்வலர்களாகச் சேரலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்கள் எத்தனையோ பேர். ஜமாஅத் நிர்வாகிகள் அவர்களை ஊக்கப்படுத்தி, மஹல்லாவில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும்.

பள்ளி நாளன்று காலையில் நம் தெருவிலிருந்து எத்தனை பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வராத பிள்ளையின் வீட்டுக் கதவை அன்று மாலையே தட்டுங்கள்.