மலைக்கு லீவு தெரியாது

சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, பிப்ரவரி கடைசியில் மூணு நாள் லீவு சேர்ந்து வருது. பத்துப் பேர் வர்றோம். கொடைக்கானல்ல இருந்து பெரிஜம் ஏரிக்குக் காட்டுக்குள்ளயே நடந்து போகணும். காந்திகிராமத்துல இருக்கீங்களே, யாரையாவது பிடிச்சு ஏற்பாடு பண்ணித் தாங்களேன்."

முடியாது என்றேன். ஏன் என்றான். போனில் சொல்லி மாளாது. அதனால் இங்கே எழுதுகிறேன். 'யாரையாவது பிடிச்சு' காட்டுக்குள் நுழையத் துடிக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் சிறுமலை தெரியும். மாசி பிறந்துவிட்டால் சில ராத்திரிகளில் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு ஊர்ந்து போகும். வெளியூரில் இருந்து வந்தவர்கள், "அழகா இருக்கே, என்ன லைட்டு?" என்று கேட்பார்கள். காடு எரிகிறது சார்!

குளிர் தேசங்களில் சீசன் தொடக்கத்தில் மலை ஏரிக்குப் போகிறவன் முதலில் விசாரிப்பது, வழியில் பனி உருகியதா என்பதைத்தான். இல்லையென்றால் பாதை மறைந்திருக்கும், கால் புதையும். நம் ஊர் மலையில் அந்தத் தொல்லை இல்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். நம் மலையிலும் பனி உண்டு. மார்கழி, தையில் கொடைக்கானல் பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஓடி ஓடிப் படம் எடுக்கிறோம். அதற்குப் பிறகு நடப்பதை யாரும் எடுப்பதில்லை. உறைபனி கருக்கிய அந்தப் புல், மாசி வெயிலில் காய்ந்து நொறுங்குகிறது. சோலைக்காடு ஈரம் காக்கும், லேசில் தீப்பிடிக்காது. ஆனால் புல்லும், நாம் கொண்டுவந்து நட்ட பைனும் யூகலிப்டஸும் அப்படியல்ல. ஒரு பீடித்துண்டு போதும்.

தீ மேட்டில் ஏறும்போதுதான் ஓட்டமெடுக்கும். கீழே எரிவதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். பகல் ஏற ஏறப் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கி வீசும். மனிதனோ மேட்டில்தான் மூச்சு வாங்குவான். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது இதுதான். கொழுக்குமலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காய்ந்த புல்வெளியில் தீ வளைத்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பெரும்பாலும் இளம் வயது. லீவு நாளில் கிளம்பி வந்த பிள்ளைகள்.

"அது ஏதோ ஏற்பாட்டுக் கோளாறு மாமா" என்றான் இவன். ஏற்பாடு இருக்கட்டும், மாசம் என்ன என்று பார்த்தாயா? வடக்கே நிஜப் பனியிலும் இதே கதைதான். 2024 ஜூன் தொடக்கத்தில் உத்தராகண்டில் நாலாயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் சகஸ்ர தால் ஏரிக்கு 22 பேர் போனார்கள், பெரும்பாலும் கர்நாடகத்துக்காரர்கள். நமக்கு அக்னி நட்சத்திரம் முடிந்த சமயம். அங்கே பனிப்புயல் அடித்தது. 9 பேர் திரும்பவில்லை. சமவெளியில் காலண்டரைப் பார்த்து மலைக்கு நாள் குறித்தால் இதுதான்.

அடுத்த சமாதானம், "கைடு இருக்கார்ல?" இருக்கிறார். யார் அவர்? மலையடிவாரத்துக்காரர். நீங்கள் கொடுக்கும் கூலிதான் அன்றைக்கு அவர் வீட்டு அடுப்பு. புகை வாசம் அவருக்கு உங்களுக்கு முன்பே தெரியும். ஆனால் பத்துப் பேர் ஷூவை மாட்டிக்கொண்டு, பணத்தையும் கட்டிவிட்டு நிற்கும்போது 'இன்னிக்கு வேணாம் சாமி' என்று சொல்லும் அதிகாரத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள்? சொன்னால் கேட்பீர்களா? அடுத்த வாரம் வேறு ஆளைப் பிடிப்பீர்கள்.

இந்த 'சீசன்' என்ற வார்த்தையும் ஒரு வினை. 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டிய அமெரிக்க மிஷனரிகள் மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி ஓடியவர்கள். அவர்களுக்குச் சித்திரையில் குளுகுளுவென்று உட்கார ஓர் இடம் வேண்டியிருந்தது. உட்காரத் தோதான மாசத்தை நடக்கத் தோதான மாசம் என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

அதற்காகக் காட்டை இழுத்து மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பெரிஜத்துக்குக் காரில் போக வனத்துறை சீட்டுக் கொடுக்கிறது. புகை விட்டுக்கொண்டு போகிறவனுக்கு ஏரி. நடக்க ஆசைப்படுகிறவன் சந்தேகப் பேர்வழி. இது என்ன நியாயம்? காட்டைக் கால்படாமல் வளர்ந்த தலைமுறை நாளைக்கு அதற்காகச் சண்டை போடாது. 2024 அக்டோபரில் அரசாங்கமே 40 மலைப் பாதைகளை, உள்ளூர் வழிகாட்டிகளோடு, திறந்துவிட்டபோது எனக்குச் சந்தோஷம். மறு பிப்ரவரி நடுவில் காட்டுத்தீக் காலம் என்று அதையே நிறுத்தி வைத்தார்களே, அதில் இன்னும் சந்தோஷம். திறக்கத் தெரிந்தவர்களுக்கு மூடவும் தெரிகிறது!

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். துளைக்கட்டும். ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, ஓடையில் தண்ணீர் இருக்கும்போது, புல் பச்சையாக இருக்கும்போது நடங்கள். முறைப்படி அனுமதி வாங்கினால் நானே கூட வருகிறேன், முட்டிவலியோடு.

இதையெல்லாம் சுருக்கி அவனிடம் சொன்னேன். "மார்கழி கடைசியில வாடா, போகலாம்."

"அப்ப எங்களுக்கு ரிலீஸ் இருக்கு மாமா. லீவே தர மாட்டாங்க" என்றான்.

இந்நேரம் வேறு யாரையாவது பிடித்திருப்பான்.