கோப்பு எவருடையது?

‘இஃது எங்கள் இலாகாவின் கடிதமன்று, வேறோர் இலாகாவினது. ஆதலின் தருவதற்கில்லை.’ அரசாங்க அலுவலகத்தின் படியேறியவர் பலரும் கேட்ட விடை இது. பணிவாகச் சொல்லப்படுவதால் இதன் கொடுமை புலப்படுவதில்லை. எழுதியவரைக் கேட்டால் பெற்றவரிடம் போகச் சொல்வார். பெற்றவரோ எழுதியவரைக் கைகாட்டுவார். இருவருக்குமிடையே குடிமகன் பந்தாகிறான்.

நம் தமிழ்ப்பள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். மலேசிய அரசமைப்பின்படி நிலம் மாநிலத்தின் பொறுப்பு. கல்வி கூட்டரசின் பொறுப்பு. தோட்ட நிலத்தில் நிற்கும் ஒரு பள்ளியின் நிலையை அறியத் தலைமையாசிரியர் ஒருவர் நில அலுவலகத்தை நாடுகிறார் என்க. அங்குள்ள கோப்பில் கல்வி அமைச்சின் கடிதமும் இருக்கக்கூடும். பினாங்கும் சிலாங்கூரும் தகவல் சுதந்திரச் சட்டங்களை இயற்றின, பாராட்டுவோம். ஆனால் அவை மாநிலச் சட்டங்கள்; கூட்டரசு இலாகாவைக் கட்டுப்படுத்தா. அதற்கும் மேலே நிற்கிறது 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம். ஓர் ஆவணம் இரகசியமே என்று உரியவர் சான்றளித்துவிட்டால், அச்சான்றை நீதிமன்றமும் வினவ முடியாது. பிள்ளைகள் அமர்ந்து படிக்கும் நிலம் எவர் பெயரில் உள்ளது என்பதும் நாட்டின் மறைபொருளோ?

‘எங்களுடையதன்று’ என்னும் சொல் எத்தகைய அநீதியை மூடி வைக்கும் என்பதற்கு வரலாறே சான்று. 1950-களில் கென்யாவில் சித்திரவதைக்கு ஆளான முதியோர் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். 2011-இல் ஹான்ஸ்லோப் பூங்கா என்னுமிடத்திலிருந்து முன்னாள் குடியேற்ற நாடுகள் 37-இன் கோப்புகள், ஏறத்தாழ 8,800, வெளிவந்தன. மலாயா, சிங்கப்பூர்க் கோப்புகளும் அவற்றுள் அடக்கம். அவை பிரிட்டிஷ் இலாகாவின் ஆவணங்கள் அல்ல, பழைய குடியேற்ற அரசாங்கங்களின் ஆவணங்கள் என்ற வாதமே அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்கு வராமல் தடுத்தது. கோப்புகள் வெளிவந்தபின், 2013-இல் 5,228 கென்யர்க்கு இழப்பீடு வழங்க பிரிட்டன் உடன்பட்டது. கோப்பு எவருடையது என்ற வினாவிற்குள் நீதி அரை நூற்றாண்டு உறங்கியது!

‘எல்லாவற்றையும் வெளியிட்டால் நாடு என்னாவது?’ என்பர் சிலர். நியாயமான அச்சமே. துப்புத் தந்தவரின் பெயர், நோயாளியின் மருத்துவக் குறிப்பு, முடியாத பேச்சுவார்த்தை ஆகியன காக்கப்பட வேண்டும். ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அதனை அறிவார். ஆனால் அவரே செங்கோன்மைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை மறத்தல் ஆகாது.

வழியும் இல்லாமலில்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைக் காண்க. தகவல் வேறோர் அலுவலகத்திடம் இருப்பின், விண்ணப்பத்தை 5 நாளுக்குள் அங்கு அனுப்பி, கேட்டவருக்கும் அறிவிக்க வேண்டும். பிறர் மறைவாகத் தந்த தகவலை வெளியிடக் கருதினால், அவர்க்கு 5 நாளில் அறிவித்து, மறுப்புரைக்க 10 நாள் அளிக்க வேண்டும். அந்தப் ‘பிறர்’ அரசு அமைப்பாகவும் இருக்கலாம். கருத்துச் சொல்வது அவர் உரிமை. முடிவு செய்வது கோப்பை வைத்திருக்கும் அலுவலரின் கடமை. மறைக்கத்தக்க பகுதியை நீக்கி எஞ்சியதைத் தரவும் அச்சட்டம் இடமளிக்கிறது. ஒரு வரிக்காகக் கோப்பு முழுவதையும் பூட்டிவைக்க வேண்டியதில்லை.

எழுதிய இலாகாவைக் கலந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதற்கொரு காலவரையறை வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் வேண்டும். அக்காரணத்தைச் சீர்தூக்க, மறுத்தவரல்லாத மூன்றாமவர் வேண்டும். இம்மூன்றும் இல்லாத கலந்தாய்வு, மறுப்பிற்கு இட்ட மறுபெயரே.

ஆசிரியப் பெருமக்களே, மாணவமணிகளே! விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், விடையையும் எழுத்திலேயே கேளுங்கள். இலாகாக்கள் பலவாயினும் அரசாங்கம் ஒன்றே. அதன் கோப்புகளுக்குத் தாளும் மையும் வாங்கியது மக்கள் வரிப்பணமே. ஆகவே, கோப்பு எவருடையது என்று இனி எவரேனும் வினவினால், ‘எம்முடையது’ என்று தலைநிமிர்ந்து விடை கூறுவோம்.