நிறுத்தத் தெரிந்தவர்கள்

தீபாவளிக்கு நாம் விடும் ராக்கெட், சிவகாசியில் செய்தது. காகிதக் குழாய், உள்ளே மருந்து, கீழே திரி, பக்கத்தில் ஒரு குச்சி. பற்றவைத்தால் 'சர்'ரென்று மேலே போகும். மருந்து தீர்ந்ததும் குச்சி கீழே விழும்.

செயற்கைக்கோள் மட்டும் விழாமல் பூமியைச் சுற்றுகிறதே, எப்படி?

வேகம்தான் காரணம். மணிக்குச் சுமார் 28 ஆயிரம் கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஒரே குழாயில் மருந்தை அடைத்து இந்த வேகத்தைப் பெற முடியாது. ஆகவே ராக்கெட்டை அடுக்கடுக்காகக் கட்டுகிறார்கள். எரிந்து முடிந்த கீழ் அடுக்கு கழன்று விழும், பாரம் குறையும். கடைசியில் எரியும் மேல் அடுக்குதான் செயற்கைக்கோளை அதன் பாதையில் சேர்க்கிறது.

நமது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மேல் அடுக்கில் எரிவது திரவ ஹைட்ரஜன். அதன் குளிர், சைபருக்குக் கீழே 253 டிகிரி! இந்த நுட்பத்தைத் தருவதாகச் சொன்ன ருஷியா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-ல் பின்வாங்கியது. நாமே செய்யத் துணிந்தோம்.

2010 ஏப்ரல் 15-ந் தேதி நமது மேல் அடுக்கு முதன்முதலாகப் பறந்தது. எரிபொருள் பம்பு நின்றுபோயிற்று. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது.

விஞ்ஞானிகள் சோர்ந்துவிடவில்லை. நெல்லைச் சீமையிலுள்ள மகேந்திரகிரியில் எஞ்சினை மீண்டும் மீண்டும் எரித்துச் சோதித்தார்கள். 2013 ஆகஸ்டு 19-ந் தேதி ராக்கெட் புறப்பட இருந்தது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பு, இரண்டாம் அடுக்கில் எரிபொருள் கசிவது தெரிந்தது. நாடே பார்த்துக் கொண்டிருந்தது. ஆனாலும் கௌரவம் பார்க்காமல் நிறுத்திவிட்டார்கள். 2014 ஜனவரி 5-ந் தேதி வெற்றி கிட்டியது.

இந்தப் பாடம் சிவகாசிக்கும் வேண்டும்.

மகேந்திரகிரியில் எஞ்சின் எரியும்போது பக்கத்தில் ஆள் நிற்பதில்லை. பட்டாசு ஆலையிலோ, மருந்துக்குப் பக்கத்திலேயே நம் சகோதர சகோதரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டி ஆலை விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை மறக்க முடியுமா?

ஓர் அறையில் இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் மட்டும் போதாது. "இங்கே ஏதோ சரியில்லை, வேலையை நிறுத்துங்கள்" என்று தொழிலாளி துணிந்து சொல்ல வேண்டும். சொன்னவருக்கு அன்றைய கூலி குறையக் கூடாது. அதை முதலாளிகள் வாக்காகத் தர வேண்டும். அரசு கண்காணிக்க வேண்டும்.

நாலரை மாதம் தாமதித்த ராக்கெட் வானுக்குப் போய்ச் சேர்ந்தது. போன உயிர் திரும்பி வருமா?