விறகடுப்பு ருசியும் பீடி குடிக்காத நுரையீரலும்

மக்களே, இந்த "விறகடுப்புல வச்ச குழம்பு ருசியே தனி" புராணத்தை எப்ப நிறுத்தப் போறீங்க? பெங்களூர்ல ஏசியில உக்காந்து ஆணி புடுங்குற நாம, பொங்கலுக்கு ஊருக்குப் போய் மண்சட்டி நாட்டுக்கோழிக் குழம்பைத் தின்னுட்டு வந்து நாலு பக்கம் உருகுறோம். ஊதாங்குழல்ல ஊதி ஊதி அதைக் கொதிக்க வச்சவங்க நுரையீரலைப் பத்தி ஒரு வரி கிடையாது.

எங்க புதுக்கோட்டைப் பக்கம் தைலமரச் சுள்ளி, முந்திரி விறகு, சீமைக்கருவேலம்தான். மழை நாள்ல எல்லாமே ஈரம். ஓட்டு வீட்டு அடுப்படிக்கு ஜன்னல்னு ஒண்ணு பேருக்குத்தான். எங்க அப்பத்தா பீடி, சுருட்டு எதையும் தொட்டதில்லை. ஆனா கடைசிக் காலத்துல ரெண்டு படி ஏறுனா நின்னு மூச்சு வாங்கும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வீட்ல யாராச்சும் சிகரெட் பிடிப்பாங்களா?" இல்லைன்னதும், "வீசிங்தான், வயசாயிருச்சுல்ல"ன்னு ஒரு ஊசி. அம்பது வருஷமா எந்த அடுப்புல சமைச்சீங்கன்னு கேக்கவே இல்லை. நம்ம பாஷையில சொன்னா, ஃபார்ம்ல அந்த ஃபீல்டே கிடையாது. அப்புறம் டேட்டா எங்கேருந்து வரும்?

இதுக்குப் பேரு சி.ஓ.பி.டி. ஆஸ்துமான்னா மருந்து அடிச்சதும் மூச்சுக்குழாய் பெரும்பாலும் விரிஞ்சுடும். இதுல சுருங்குனது முழுசாத் திரும்பாது. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க ஊதச் சொல்லி அளக்குற ஸ்பைரோமீட்டர் வேணும், ஸ்டெதாஸ்கோப் மட்டும் பத்தாது. 2009ல லான்செட் இதழ்ல சந்தீப் சால்வியும் பீட்டர் பார்ன்ஸும் எழுதின கட்டுரை, இந்த நோயாளிகள்ல 25 முதல் 45 சதவீதம் பேர் வாழ்நாள்ல புகைக்காதவங்கன்னு சொல்லுது. உலகத்துல சிகரெட், பீடி பிடிக்கிறவங்க சுமார் 100 கோடி, விறகு வரட்டிப் புகையில நிக்கிறவங்க 300 கோடின்னும் அதுலயே கணக்கு இருக்கு.

வெளிநாட்டுக் கதைன்னு தள்ளிடாதீங்க. போரூர் ஸ்ரீராமச்சந்திராவுல கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டுக் கிராம வீடுகள்ல அளந்து 2002ல வெளியிட்டாங்க. விறகடுப்புல சமைக்கிற நேரத்துல நுண்துகள் கனமீட்டருக்கு 500லேருந்து 2000 மைக்ரோகிராம் வரை. 2011ல திருவள்ளூர் மாவட்டத்துல புகைக்காத 900 பெண்களைப் பரிசோதிச்சதுல 2.44 சதவீதம் பேருக்கு சி.ஓ.பி.டி. கம்மின்னு தோணுதா? 400 பொம்பளைங்க இருக்குற ஊர்ல அது பத்து பேர்.

"எங்க பாட்டி 90 வயசு வரைக்கும் விறகடுப்புலதான்..."னு பின்னூட்டம் வரும், தெரியும். சுருட்டுக் குடிச்சே 90 தாண்டின தாத்தாவும் உங்க ஊர்ல இருந்திருப்பாரு. அதுக்காக சுருட்டு நல்லதுன்னு பதிவு போடுவீங்களா?

கேஸ்தான் குடுத்தாச்சேம்பீங்க. 2006 தேர்தலுக்கு அப்புறம் இங்க இலவச அடுப்பு வந்துச்சு, 2016ல உஜ்வலா வந்துச்சு. கனெக்‌ஷனை எண்ணி விளம்பரம் பண்றாங்க, ரீஃபிலை எண்ணினா விளம்பரம் இடிக்கும். அவசரத்துக்கு காப்பி போட கேஸ், சோத்துக்கும் வெந்நீருக்கும் விறகுன்னு ஓடுற வீடுகளை நீங்களே பாத்திருப்பீங்க. சுள்ளி காசில்லாம கிடைக்குது, சிலிண்டர் கிடைக்கல. அவங்களை நான் குறை சொல்லல.

நம்மளத்தான் சொல்றேன். அடுத்த தடவை குழம்பை போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி அந்த வீட்டு சிலிண்டரைத் தூக்கிப் பாருங்க. லேசா இருந்தா ஒரு ரீஃபில் புக் பண்ணிட்டு அப்புறமா சாப்பிட உக்காருங்க.

டிஸ்கி: எங்க மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனலை நான் திட்டுறதா கிளப்பி விடாதீங்க :-) அவங்க ஆம்பளைங்க, வயக்காட்டுல வெட்டவெளியில சமைக்கிறாங்க. நான் பேசுறது ஜன்னல் இல்லாத அடுப்படியைப் பத்தி.